கிழ வண்டிக்கு எந்த வைத்தியம் முதலில்?

பஞ்சதந்திரத்தில் வரும் மூன்று மீன்களின் கதையைக் கேளாமல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்தவர் அநேகமாக இருக்கமாட்டார். வலைஞர் வரப்போகிறார்கள் என்று தெரிந்தவுடனே வருமுன் காப்போன் வேறு மடுவுக்குப் போய்விட்டது. வருங்கால் காப்போன், அகப்பட்ட பிறகு செத்தது போல் கிடந்து தப்பியது. வந்தபின் காப்போன் குழம்புக்குப் போய்ச் சேர்ந்தது. வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும் போதெல்லாம் எனக்கு நாலாவது மீன் ஒன்றின் ஞாபகம் வரும். கதாசிரியர் ஏனோ அதை விட்டுவிட்டார். அது வராததற்கெல்லாம் காக்கிற மீன். வலை வரும், கொக்கு வரும், வெயில் வரும், வெள்ளம் வரும் என்று தினம் ஒரு மடுவாக மாறி, மாறுகிற களைப்பிலேயே அது பிராணனை விட்டிருக்கும்.

பழைய மோட்டார் வண்டியை அருமையாக வைத்துக் காப்பாற்றும் அன்பர்களிடையே இந்த நால்வகை மீன்களையும் காணலாம். நடுச்சாலையில் நின்று போன பிறகே பானட்டைத் திறப்பவர் ஒருவர். ‘பழசு’ என்ற ஒரே குற்றத்துக்காக நல்ல உறுப்புக்களையெல்லாம் கழற்றிவிட்டு, கைப்பணமும் கரைந்து, கழற்றியதைத் திரும்பப் பூட்ட வழியின்றிக் கொட்டகையில் துணி போட்டு மூடி வைத்திருப்பவர் இன்னொருவர். பின்னவரை நான் அதிகமாகவே சந்தித்திருக்கிறேன். பணத்துக்கு அளவு உண்டு. பயத்துக்கோ அளவே கிடையாது. அளவுள்ள பணத்தை அளவற்ற பயங்களுக்கு எந்த வரிசையில் பங்கிடுவது? இக்கட்டுரையில் ஆராயப் புகுவது அந்த ஒரு கேள்வியையே.

ஹெரால்டின் ஜாதகம்

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் சீமையிலிருந்து வந்த இரண்டு ஆசனத் திறந்த வண்டிதான் நினைவுக்கு வரும். சுதந்திரத்துக்குப் பிறகு வெகு காலம் அத்தகைய வண்டியை இறக்குமதி செய்வது சாமானியருக்கு எட்டாத காரியமாக இருந்தது. அந்தக் குறையை ஓரளவு தீர்த்து வைத்தது சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1948-ல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி அதை 1961 முதல் செய்து விற்றது. பிரிட்டனில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் பிறந்த அந்த வண்டிக்கு உருவம் கொடுத்தவர் ஜியோவானி மிக்கலோட்டி என்னும் இத்தாலியர். இதே ஹெரால்டின் சட்டத்தைச் சற்றுக் குறுக்கி, அதே இன யந்திரத்தை வைத்து, 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். 1980 வரையில் அது உற்பத்தியாயிற்று. ஆகவே நம் ஊர் ஹெரால்டு, குடும்பஸ்தன் வேஷம் போட்ட ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் பிழையில்லை. சோழவரத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் அது ஓடியதும் இந்தப் பிறவிக் குணத்தால்தான்.

நம் ஜில்லாவுக்கோ இந்தப் பைத்தியம் புதிதல்ல. ஜி. டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். இன்று அவினாசி ரோட்டில் அவர் பெயரால் விளங்கும் கார் காட்சிசாலை 2015 முதல் நடந்து வருகிறது. மாருதி யந்திரத்தைக் கொண்டு பந்தய வண்டிகள் அமைத்துத் தந்த எஸ். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நான் குடியிருக்கும் கணபதியிலோ, டி. பாலசுந்தரம் நிறுவிய டெக்ஸ்டூல் தொடங்கி, சந்துக்குச் சந்து லேத் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் உண்டு. கிழ வண்டிக்கு வைத்தியர் பஞ்சம் இங்கே இல்லை. எந்த வைத்தியத்தை முதலில் செய்வது என்கிற விவேகத்துக்குத்தான் பஞ்சம்.

தாளவாடிக்கு ஒரு பிரயாணம்

கணபதியில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் 1960-களின் ஹெரால்டு ஒன்று இருக்கிறது. வாங்கி ஓட்டிய தகப்பனார் காலமாகிப் பல வருஷங்கள் ஆயின. தாயாருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பிறந்த ஊர் திம்பம் மலைக்கு அப்பால் உள்ள தாளவாடி. “உங்கய்யன் ஓட்டுன வண்டியிலயே ஒருக்கா ஊருக்குப் போயிட்டு வந்திரோணும்” என்பது அம்மையாரின் ஆசை. மகன் மாதச் சம்பளக்காரர். கையில் இருந்த சேமிப்பு வண்டி முழுவதையும் புதுப்பிக்கப் போதாது. ஆனால் அம்மாவின் வயதோ காத்திருக்காது.

வீட்டு வாசலிலிருந்து புறப்படும் சத்தி ரோடே அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரி வழியாகத் திம்பம் ஏறுகிறது. இந்தத் தேசிய நெடுஞ்சாலையின் எண் 948. ஹெரால்டின் முதல் யந்திரத்தின் கொள்ளளவும் 948 கன சென்டிமீட்டர். பொருத்தம் பார்ப்பவர்களுக்கு இதுவே போதும். ஆனால் பண்ணாரிக்கு அப்பால் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சுற்றிலும் புலிகள் காப்பகம். 2022-ல் உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் இரவுப் போக்குவரத்தும் அங்கே கட்டுப்படுத்தப்பட்டது. பொழுது சாயும் வேளையில் அந்த இடத்தில் ஒரு முதியவளோடு வண்டி நின்றுபோனால் அது வேடிக்கை விஷயமல்ல.

மகன் இரண்டு இடங்களில் யோசனை கேட்டார். ஓரிடத்தில், யந்திரம் முதல் மெத்தை வரை எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும் என்று ஒரு பெரிய ஜாபிதா எழுதிக் கொடுத்தார்கள். மற்றோரிடத்தில், “நல்லாத்தானே ஓடுது?” என்று முதுகைத் தட்டி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பதிலும் ஒரே தவற்றையே செய்கின்றன. ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே நிறுத்தி விசாரிக்காமல், மொத்தமாகத் தீர்ப்புக் கூறுகின்றன.

நாலு கேள்விகள்

ஓர் உறுப்பு எவ்வளவு பழையது என்று கேட்பதைக் காட்டிலும், கீழ்க்கண்ட நாலு கேள்விகளைக் கேட்பது பயன் தரும். இது உடைந்தால் உயிருக்கு அபாயம் உண்டா? உடைவதற்கு முன்னால் குரல் கொடுக்குமா? உடையும்போது வேறு எதையெல்லாம் உடன் இழுத்துக்கொண்டு போகும்? இதைத் தொடுவதற்கு எவ்வளவு தூரம் பிரிக்க வேண்டும்?

முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றும், இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றும் பதில் வருகிற உறுப்புக்களே முதல் வரிசையில் நிற்க வேண்டியவை. ஹெரால்டில் அவற்றுள் தலையாயது பிரேக். அந்த நாளைய வழக்கப்படி நாலு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ப் பாதைதான். எங்கேனும் ஒரு ரப்பர் குழாய் வெடித்தாலும், ஒரு சீல் கிழிந்தாலும் நாலு சக்கரமும் ஒரே கணத்தில் கைவிடும். மிச்சம் இருப்பது கைப்பிரேக் ஒன்றே. மேலும் பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. சாதாரண மூன்றாம் தர எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சமதளத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. 27 வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் தெரியும். எண்ணெய் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சைப் போலத் தரை வரை போகும். ரப்பர்க் குழாய்களும், சீல்களும், எண்ணெயும் மொத்தச் செலவில் சொற்பம், தப்புவதோ உயிர்.

இரண்டாவது, முன் சக்கரத்தைத் தாங்கும் நிலைத்தண்டு. இதன் அடிப்பாகத்தில் மரை வெட்டி, ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகியிருக்கிறார்கள். டிரன்னியன் என்று அதற்குப் பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரைதான் சுழல்கிறது. அதற்கு ஊற்ற வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். ஆனால் பட்டறைகளில் கிரீஸ் துப்பாக்கி கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால், கிரீஸை அடித்து அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. கிரீஸ் மரையின் அடிவரை இறங்குவதில்லை. அங்கே தண்ணீர் தங்கித் துரு பிடிக்கிறது. துருவின் வடுவிலிருந்து வெடிப்புக் கிளம்புகிறது. ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் வண்டிக்கு அடியில் மடிகிறது. மெதுவாகத் திருப்பும்போது முறிந்தால் அதிர்ஷ்டம். மலைச் சரிவில் முறிந்தால் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கழற்றிப் பார்த்து, மரையின் ஓரத்தில் துருக்குழி இருந்தால் தண்டையே மாற்றிவிட வேண்டும். நன்றாக இருந்தால் ஆயிலை ஊற்றிவிட்டால் போதும். அதற்காகும் செலவு ஒரு வேளைப் பலகாரச் செலவுதான்.

மூன்றாவது, பெட்ரோல் போகும் வழி. ஹெரால்டின் யந்திரத்தில் கார்புரேட்டரும், புகை வெளியேறும் சூடான குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. மேலே கசிந்தால் கீழே நெருப்பு. 2025-ஆம் ஆண்டுக்குள் நம் நாட்டுப் பெட்ரோலில் எதனால் கலப்பு நூற்றுக்கு 20 பங்கு வரையில் வந்துவிட்டது. அந்நாளைய ரப்பர் இந்தக் கலவையைக் கனவிலும் கண்டதில்லை. குழாய் உப்பும், மெதுவாகும், பிறகு வெடிக்கும். பம்பிலுள்ள சவ்வும் அவ்வாறே. எதனால் தாங்கும் புதுக் குழாயும் நல்ல கிளிப்பும் போடுவதை ஒத்திப்போடக் கூடாது.

நாலாவது, டயர். ஓடாமல் நிற்கும் வண்டியில் டயரின் பட்டை தேய்வதில்லை. ஆகையால் உடையவர் அதைப் புதிது என்றே நம்பிவிடுகிறார். பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு வருஷத்தையும் குறிக்கும். பட்டையைப் பார்த்து ஏமாறாமல் அந்த இலக்கத்தைப் படிக்க வேண்டும்.

யந்திரத்துக்கு யமன்

உயிருக்கு அபாயம் இல்லை, ஆனால் யந்திரத்தையே மாய்த்துவிடும் என்ற வகை அடுத்தது. ஹெரால்டின் கிராங்குத் தண்டு முன்னும் பின்னும் நகராதபடி தடுப்பவை பிறைச் சந்திரன் வடிவான இரண்டு சிறு வாஷர்கள். இவை தேய்ந்து கழன்று கீழே விழுந்துவிட்டால், தண்டு யந்திரத்தின் உடம்பையே அரைக்கத் தொடங்கும். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இதைச் சோதிக்க ஒரு பைசாச் செலவு இல்லை. ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றொருவர் முன்பக்கத்து உருளையைக் கவனித்தால் போதும். மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்குக்குள் அசைந்தால் விட்டுவிடலாம். கண்ணுக்குத் தெரிய முன்னும் பின்னும் ஆடினால் உடனே மாற்ற வேண்டும். யந்திரத்தை இறக்காமலே, அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி இதை மாற்றிவிடலாம்.

இதற்கு நேர்மாறான உதாரணம் டைமிங் சங்கிலி. ஹெரால்டில் அது இரும்புச் சங்கிலி. தேய்ந்தால் சலசலவென்று மாதக்கணக்கில் ஓசையிட்டு எச்சரிக்கும். ஆகவே அது சத்தமிடும் வரை பொறுத்திருக்கலாம். இதே உறுப்பு 1982-ல் வெளிவந்த போர்ஷே 944-ல் ரப்பர்ப் பட்டை. அது சத்தமின்றி அறுந்துபோகும். அறுந்த மறுகணம் வால்வுகள் பிஸ்டன்களில் மோதி யந்திரம் பாழாகும். ஆகவே அந்த வண்டிக்காரர் வருஷக் கணக்கைப் பார்த்து மாற்றியே தீர வேண்டும். உறுப்பின் பெயர் ஒன்று, வேலையும் ஒன்று. ஆயினும் ஒன்றுக்குப் பொறுமை நியாயம், மற்றொன்றுக்குப் பொறுமை நாசம். ‘யாரோ மாற்றினார், நானும் மாற்றுகிறேன்’ என்பது எவ்வளவு பேதைமை என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா?

நாலாவது கேள்விக்கும் போர்ஷே வண்டியே நல்ல சாட்சி. அந்தக் கம்பெனியின் பாக்ஸ்டர் முதலிய சில வண்டிகளில் யந்திரத்தின் பின்புறத்தில் உள்ள ஒரு பேரிங் சொல்லாமல் உடைந்து, யந்திரத்தையும் அழித்தது. அமெரிக்காவில் வழக்கு நடந்து 2013-ல் சமரசமாயிற்று. அந்தப் பேரிங்கை மட்டும் மாற்றக் கியர்ப் பெட்டியை இறக்குவது பெருஞ்செலவு. கிளட்ச் தேய்ந்து எப்படியும் இறக்க வேண்டிய நாளில் இதையும் செய்தால் செலவு சிறிது. ஹெரால்டிலும் அவ்வாறே: கிளட்சுக்காகக் கியர்ப் பெட்டியைத் தூக்கும் அன்று, அதை அடுத்துள்ள பேரிங்கையும் புஷ்ஷையும் ஆயில் சீலையும் சேர்த்தே பார்த்துவிட வேண்டும். அதற்காக மட்டும் தூக்க வேண்டாம்.

தொட்டதால் கெட்டது

‘எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் நிம்மதி’ என்று எண்ணுகிறவர்கள் ஆகாய விமானத்தின் சரித்திரத்தைக் கொஞ்சம் கேட்க வேண்டும். இரண்டாவது மகாயுத்தத்தில் பிரிட்டிஷ் கடற்காவல் விமானப் படையில் ஆராய்ச்சி செய்த ஸி. எச். வாடிங்டன் ஒரு விசித்திரத்தைக் கண்டார். குறித்த காலச் சோதனையை முடித்து வந்த உடனேதான் விமானங்களில் கோளாறுகள் அதிகமாயின! நன்றாயிருந்ததைப் பிரித்துப் பூட்டியதால் வந்த வினை அது. பிற்பாடு 1978-ல் நௌலன், ஹீப் என்ற இரு அமெரிக்கர்கள் பயணி விமான உறுப்புக்களை ஆராய்ந்து, வயது ஏற ஏறக் கெடும் தன்மை தெளிவாகக் காணப்பட்டவை நூற்றுக்கு 11 பங்குதான் என்று அறிக்கை தந்தார்கள். பலவற்றில் புதிதாகப் பூட்டிய ஆரம்ப நாட்களே அபாயமானவை.

இதைக் கேட்டுவிட்டு ரப்பர்க் குழாயையும் மாற்றாமல் விட்டுவிடலாகாது. ரப்பரும் துருவும் நிச்சயமாக வயதுக்குக் கட்டுப்பட்டவை. ஆனால் சரியாக எண்ணெய் அழுத்தம் காட்டி, புகையின்றி, சீராக ஓடும் யந்திரத்தை ‘ஐம்பது வருஷம் ஆயிற்றே’ என்று பிரிப்பது, தூங்குகிற குழந்தையை எழுப்பி, “தூக்கம் வருகிறதா?” என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

எதை இங்கே செய்யலாம்?

கணபதிப் பட்டறைகளின் கைத்திறனை எதில் நம்புவது, எதில் நம்பக்கூடாது என்பதும் முக்கியம். கன்மெட்டல் புஷ் கடைவது, ரேடியேட்டருக்குப் புது உள்ளுடல் வைப்பது, பிரேக் கட்டைக்குப் புது லைனிங் ஒட்டுவது, தண்ணீர்ப் பம்பின் தண்டைக் கடைந்து பேரிங் போடுவது ஆகியவற்றை நம் தொழிலாளிகள் சீமைக்காரனுக்குச் சளைக்காமல் செய்வார்கள். அதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் முன் சக்கரத்து நிலைத்தண்டை, எந்த எஃகு என்று தெரியாத உருளையிலிருந்து கடைவது ஆகாது. பிரேக் சீலுக்குக் கைக்குக் கிடைத்த ரப்பரை வெட்டிப் போடுவதும் ஆகாது. பிரேக் எண்ணெய்க்கு ஒத்த ரப்பர் வேறு. ஸ்பிட்ஃபயருக்காகப் பிரிட்டனில் இன்றும் புது உறுப்புக்கள் செய்து விற்கிறார்கள். அவற்றில் பல ஹெரால்டுக்கும் பொருந்தும். சுதேசியம் என்பது நம் கையால் நல்ல பொருளைச் செய்வதே ஒழிய, நம் உயிரைக் கொண்டு பரீட்சை செய்வதல்ல.

சில குறைகளுக்கு எந்தப் பட்டறையிலும் மருந்து கிடையாது. ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஊஞ்சல் போல் ஆடும் அச்சில் அமைந்தவை. வளைவின் நடுவில் திடீரென்று காலை எடுத்தால் பின் சக்கரம் உள்வாங்கி வண்டி சுழலப் பார்க்கும். 1970-களில் வந்த ஸ்டாண்டர்டு கெஜலுக்கு ஆடாத பின் அச்சை வைத்தார்கள். ஹெரால்டுக்காரர் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளப் பழக வேண்டும். இந்த ரிப்பேர் ஓட்டுகிறவருக்குச் செய்ய வேண்டியது, செலவும் இல்லை.

ஜாபிதா சுருங்கிய கதை

கடைசியில் அந்தக் குடும்பத்தார் ஒரு வயோதிக மேஸ்திரியிடம் வந்து சேர்ந்தார்கள். அவர் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, நிமிர்ந்து, “ஏனுங்க, மொதல்ல வண்டிய நிறுத்தறதுக்கு வழி பண்ணலாமுங்க. ஓடறது தானா ஓடும்” என்றார். பிரேக் குழாய்கள், சீல்கள், எண்ணெய், பெட்ரோல் குழாய், பம்பின் சவ்வு, நாலு டயர், மலையேற்றத்தில் சூடு தாங்குவதற்காக ரேடியேட்டர்க் குழாய்களும் பெல்ட்டும், இவ்வளவே புதிதாயின. நிலைத்தண்டுகளில் ஒன்றில் துருக்குழி கண்டது, இரண்டையும் மாற்றினார்கள். கிராங்குத் தண்டு அசையவில்லை, தொடாமல் விட்டார்கள். வர்ணமும், மெத்தையும், டைமிங் சங்கிலியும் அடுத்த வருஷத்துக்கு என்று குறித்துக்கொண்டார்கள். பெரிய ஜாபிதாவில் மூன்றில் ஒரு பங்கு கூட ஆகவில்லை.

மலைக்குக் கிளம்பு முன் ஒரு மாதம் அன்னூர் வரைக்கும் புளியம்பட்டி வரைக்கும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார் மேஸ்திரி. புதிதாகப் பூட்டியதே முதலில் கழலும் என்பது அமெரிக்க அறிக்கையைப் படிக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது வாரத்தில் ஒரு பெட்ரோல் கிளிப் தளர்ந்திருந்தது; வீட்டு வாசலிலேயே முறுக்கியாயிற்று. அதன் பிறகே ஒரு நாள் விடியற்காலையில் புறப்பட்டு, பண்ணாரி அம்மன் சந்நிதியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மலையேறி, பிற்பகலுக்குள் தாளவாடி சேர்ந்தார்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே, பிரேக்குக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டு வந்தார்கள். அம்மையார் முன் ஆசனத்தை விட்டு நகரவில்லையாம்.

பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு என் யோசனை இதுதான். நாலணா நோட்டு மாதிரி ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பக்கத்துக்கு ஓர் உறுப்பு. அந்த நாலு கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். மாற்றிய தேதியையும், பார்த்துவிட்டுத் தொடாமல் விட்ட தேதியையும் குறித்து வையுங்கள். பிறகு பட்டறைக்குப் போகும்போது பர்ஸுக்கு முன்னால் அந்த நோட்டை எடுங்கள்.